வேர்க்காதவன்

கருவந்தாங்கல் ஏரியில் அன்று நூற்றுப் பன்னிரண்டு பேர் மண் வெட்டினார்கள். அதில் நூற்றுப் பதினோரு பேருக்கு வேர்த்தது.

மே மாதத்துக் கத்திரி. பத்து மணிக்கே ஏரித் தரையின் வெடிப்புகளிலிருந்து அனல் எழும்பியது. நூறு நாள் வேலைக்கு வந்த ஆண்கள் கடப்பாரையால் கட்டி பெயர்க்க, பெண்கள் அதை இரும்புச் சட்டியில் வாரிக் கரைக்குச் சுமந்தார்கள். சவுரியம்மாள் ஒவ்வொரு நடைக்கும் நின்று மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சட்டியைத் தூக்கினாள். பின்னால் வந்த வேணி, "பெத்த புள்ளைக்கி நீயே கண்ணு வெக்காத, நட" என்று கேலி செய்தாள்.

பிரான்சிஸுக்கு இருபத்து நாலு வயது. தலையில் பூனை ரோமம் போல நாலு முடி, புருவம் கிடையாது, வாயில் மேலே இரண்டு கீழே மூன்று என்று ஊசி ஊசியாக ஐந்து பல். பிறந்ததிலிருந்து அவன் உடம்பில் ஒரு சொட்டு வேர்வை வந்ததில்லை. வெயிலில் நின்றால் உடம்பு சுடும். நிற்க நிற்க இன்னும் சுடும். நனைத்தால்தான் இறங்கும். அதனால் அரை மணிக்கு ஒரு முறை மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரைக்கு அந்தப் பக்கம் ஓடுவான். அங்கே சுப்பராயலுவின் கரும்புக் கொல்லைக்குப் பம்ப்செட் தண்ணீர் பாயும் வாய்க்கால் இருந்தது. சட்டையோடு அதில் படுத்து எழுந்து, சொட்டச் சொட்டத் திரும்பி வந்து மண்வெட்டியைப் பிடிப்பான். "வாய்க்கால்ல எத்தினி வாட்டி வேணா படுத்துக்கோ, தொட்டியில மட்டும் கைய வெச்சிடாத" என்று சுப்பராயலு சொல்லியிருந்தார். அந்த அளவுக்கு அவர் நல்லவர்.

நனைந்த சட்டையைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தண்ணீரா வேர்வையா என்று தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் சவுரியம்மாளின் ஏற்பாடு. கரும்பு வெட்டப் போனாலும் சூளைக்குப் போனாலும் மேஸ்திரிகள் முதலில் பார்ப்பது வேர்வையைத்தான். வேர்க்காதவனை ஓபி அடிக்கிறவன் என்று மறுநாளே நிறுத்திவிடுவார்கள். அவளுடைய தம்பி சவுரிராயனுக்கும் இதே உடம்புதான். பிரான்சிஸ் பிறந்தபோது, "தாய்மாமனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்" என்று சொல்லி எல்லோரும் கொண்டாடினார்கள். அடுத்த வருஷம் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு வெட்டப் போன சவுரிராயன் காய்ந்த கரும்புச் சோகைக்குள் விழுந்து செத்தான். குடித்துவிட்டு விழுந்ததாக மேஸ்திரி சொன்னான். சவுரிராயன் குடிக்கிறவன் இல்லை. அதன் பிறகு மகனைப் பார்த்து யாராவது 'மாமன் மாதிரி' என்று சொன்னால் சவுரியம்மாள் அவனை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

நிழலில் வேலை தேடாமல் இல்லை. திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் மடித்து வைக்கும் வேலைக்குப் போனான். முதல் நாள் சாயங்காலமே முதலாளி கூப்பிட்டு, "கஸ்டமரு மூஞ்சிய திருப்பிக்கினு போறாங்க, வேற எடம் பாரு தம்பி" என்று சொல்லிவிட்டார். எட்டாவது வரை படித்தவனுக்கு மிச்சம் இருந்தது வெயிலில் செய்யும் வேலைதான்.

அன்று பதினோரு மணிக்கு வாய்க்காலுக்கு ஓடியவன் காய்ந்த சட்டையோடு திரும்பி வந்தான்.

"யம்மா, கரண்டு இல்லியாம். மோட்டார் ஓடல."

"குந்துடா. அந்தாண்ட நெழல்ல போய்க் குந்து."

"போட்டோ எடுக்கற வரைக்கும் எடத்த வுட்டு நகரக் கூடாதுன்னு சொல்லிக்கினு இருக்காங்க."

ஒரு நாளைக்கு இரண்டு முறை போனில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். படத்தில் ஆள் இல்லாவிட்டால் கூலி இல்லை. அவன் இன்னும் பத்து வெட்டு வெட்டினான். காது இரண்டும் செங்கல் நிறத்துக்கு வந்தன. பிறகு மண்வெட்டிக் காம்பைப் பிடித்தபடியே முழங்கால் மடிந்து விழுந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. சவுரியம்மாள் தலையிலிருந்த மண்ணைச் சட்டியோடு கீழே போட்டுவிட்டு ஓடினாள். "தண்ணி, தண்ணி" என்று அவள் கத்திய கத்தலில் பெண்கள் குடிதண்ணீர் டிரம்மையே உருட்டி வந்து அவன் மேல் கவிழ்த்தார்கள். கால் மணி நேரம் கழித்து அவன் கண்ணைத் திறந்து, "போட்டோ எடுத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

பணித்தளப் பொறுப்பாளர் காந்திமதிக்கு முப்பது வயது இருக்கும். ஊரில் பன்னிரண்டாவது முடித்த பெண். போனை இடுப்பில் செருகிக்கொண்டு சவுரியம்மாளிடம் வந்தாள்.

"செத்துக்கித்து போயிருந்தா யாரு பதில் சொல்றது? எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீது, சவுரியம்மா. இனிமே இவனுக்கு நான் வேலை போட மாட்டேன்."

"அப்படி சொல்லாதம்மா. இன்னிக்கு கரண்டு இல்லாம போச்சி. தெனமும் நல்லாத்தான வேலை செய்யறான்?"

காந்திமதிக்கும் மனசு இல்லாமல் இல்லை. "ஒண்ணு செய். வேலை செய்ய ஒடம்பு நல்லா கீதுன்னு டாக்டர்கிட்ட எழுதிக்கினு வா. இல்லாட்டி ஊனமுற்றோர் அட்டை வாங்கிக்கினு வா. தண்ணி குடுத்துக்கினு இருந்த சின்னபொண்ணு மெட்ராஸுக்குப் போனதுல இருந்து அந்த வேலை காலியாத்தான் கெடக்குது. அட்டை இருந்தா மரத்தடியில குந்திக்கினு தண்ணி மொண்டு குடுத்தா போதும். முழுக் கூலி."

ஏரிக்கரையில் ஒரே ஒரு வேப்பமரம்தான் இருந்தது. சவுரியம்மாள் அதைத் திரும்பிப் பார்த்தாள். அதன் அடியில் மகன் உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது, இத்தனை வருஷமாக இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

*

அட்டைக்கு முதலில் நோயின் பெயர் தெரிய வேண்டும். அதுவரை அந்த உடம்புக்கு யாரும் பெயர் சொன்னதில்லை. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் அருணா அவனை ஒரு மணி நேரம் பார்த்தார். பல்லைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், உள்ளங்கையை லென்ஸ் வைத்துப் பார்த்தார். வேர்வை வரும் துளைகள் அங்கே இல்லை என்றார். அதற்கு ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் சொன்னார். பிறகு, "உங்க பல்லைக் காட்டுங்கம்மா" என்று சவுரியம்மாளிடம் கேட்டார்.

அவளுக்கு முன்பல் இரண்டும் கூர்மையாக இருக்கும். சின்ன வயதில் 'எலிப்பல்லு' என்று கூப்பிடுவார்கள். அதை நோயோடு சேர்த்து யாரும் நினைத்ததில்லை.

கூட வந்திருந்த மகள் ஆரோக்கியசெல்வி மடியில் எட்டு மாதக் குழந்தை தென்னரசுவை வைத்திருந்தாள். காணையில் கட்டிக் கொடுத்திருந்தது. தம்பிக்குத் துணையாகப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவளுக்கும் மேல் வரிசையில் இரண்டு பல் முளைக்கவே இல்லை.

டாக்டர் அருணா ஒரு வெள்ளைத் தாளை இழுத்து வைத்துக்கொண்டு வரைந்தார். கட்டம் போட்டால் ஆண், வட்டம் போட்டால் பெண். சவுரிராயனின் கட்டத்தைக் கறுப்பாக அடித்தார். பிரான்சிஸின் கட்டத்தையும் அடித்தார். சவுரியம்மாளின் வட்டத்தில் பாதியை மட்டும் அடித்தார்.

"இது ஒட்டுற வியாதி இல்லை. யாரோ செஞ்ச பாவமும் இல்லை. மரபணுன்னு உடம்புக்குள்ள இருக்கு, அதுல எங்கயோ ஒரு மாற்றம். எல்லார் உடம்புலயும் அந்த மாதிரி மாற்றம் இருக்கும், நிறைய பேருக்கு அதனால ஒண்ணும் ஆகாது. உங்க குடும்பத்துல அது வேர்வை, பல்லு, முடி இருக்கிற இடத்துல ஆயிடுச்சு."

"என்கிட்ட இருந்துதான் வந்துச்சாம்மா?"

டாக்டர் பாதி அடித்த வட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "பொம்பளைங்களுக்கு இந்த மரபணு ரெண்டு இருக்கும். ஒண்ணு பழுதா இருந்தாலும் இன்னொண்ணு காப்பாத்திடும். அதனால உங்களுக்கு வேர்க்குது. ஆம்பளைப் புள்ளைக்கு ஒண்ணே ஒண்ணுதான், அது அம்மா குடுக்கிறது. நீங்க குடுத்தது அந்தப் பழுதான ஒண்ணு. தெரிஞ்சு குடுக்கலையே. உங்களுக்கு யார் குடுத்தாங்கன்னு உங்களுக்கே தெரியாதில்ல?"

மகனுக்குச் சவுரியம்மாள் கொடுத்தது எத்தனையோ. பேர் வைத்தாள், சோறு போட்டாள், வெயிலில் தண்ணீர் சுமந்தாள். தெரியாமலே கொடுத்தது இது ஒன்று.

டாக்டர் ஆரோக்கியசெல்வியின் வட்டத்தையும் பாதி அடித்தார். அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் போட்டு அதை அடிக்காமல் உள்ளே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்.

"குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல் வருதா?"

"இல்லைங்க" என்றாள் ஆரோக்கியசெல்வி.

சவுரியம்மாள் மகளைப் பார்த்தாள். போன வாரம் காணையிலிருந்து போன் செய்து, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, மருந்து கொடுத்தும் நிற்கவில்லை என்று அழுதவள் அவள்தான்.

"பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. பல்லு முளைக்கிற நேரம் தெரிஞ்சிடும். ரத்தம் எடுத்துப் பார்த்தா இப்பவே தெரியும். வேணும்னா எழுதித் தர்றேன்."

"இப்ப வேணாம் டாக்டர். அவங்க அப்பாவ கேட்டுக்கினு வர்றேன்."

பிரான்சிஸுக்கு நோயின் பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து ஒரு கடிதம் கொடுத்தார் டாக்டர். வெயிலில் வேலை செய்தால் உயிருக்கு ஆபத்து என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார். வெளியே வந்ததும் ஆரோக்கியசெல்வி கட்டமும் வட்டமும் போட்ட தாளைத் தாயின் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, எட்டாக மடித்து, தன் பர்ஸுக்குள் திணித்துக்கொண்டாள்.

"எங்க வூட்ல இதப் பத்தி மூச்சு வுட்றாதம்மா. எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என்னை அங்க வெச்சிக்க மாட்டாங்க."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் குழந்தையின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டு ஈறைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். குழந்தை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

*

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஊனமுற்றோர் அட்டைக்கு முகாம் போட்டிருந்தார்கள். கிளம்பும் நாள் காலையில் சவுரியம்மாள் மகனை மாப்பிள்ளை போல ஜோடித்தாள். பெரிய அதிகாரிகள் முன்னால் போய் நிற்கப்போகிறவன். ஈஸ்டருக்கு எடுத்த நீலச் சட்டையைத் தேய்த்து வாங்கி வந்தாள். இலவசப் பல் முகாமில் கட்டிக் கொடுத்த பல்செட்டை, அவன் உறுத்துகிறது என்று சொல்லச் சொல்ல, போட்டுக்கொள்ளச் சொன்னாள். தலைக்குத் தொப்பி. கருவந்தாங்கலிலிருந்து திண்டிவனம், அங்கிருந்து விழுப்புரம் என்று இரண்டு பஸ். புதுப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது அவன் முகம் சிவக்கத் தொடங்கியிருந்தது. வழக்கம் போலக் குழாயடிக்குக் கூட்டிப் போய், சட்டையோடு தலையிலிருந்து நனைத்து, "இப்ப வா ராசா" என்றாள்.

மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. தவழ்ந்து வந்தவர்கள், கட்டை ஊன்றியவர்கள், தோளில் தூக்கி வரப்பட்ட பெரிய பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில் நெட்டையாகத் தொப்பி போட்டு நின்ற பிரான்சிஸை ஒரு கிழவர், "தம்பி, நீ யாரக் கூட்டிக்கினு வந்துக்கீற?" என்று கேட்டார்.

மூன்று மணிக்கு அவர்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு வயதான டாக்டர். காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை போலிருந்தது. பக்கத்தில் கம்ப்யூட்டரோடு ஒரு கிளார்க். டாக்டர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"வேர்வையே வராதுன்னு எழுதியிருக்காங்க. சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சிருக்கே?"

"அது தண்ணிங்க சார்" என்றாள் சவுரியம்மாள். "இப்பத்தான் மண்டபத்துக் கொழாயில நான் மறுபடி நனைச்சேன்."

கிளார்க் சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. "இந்த நோயி லிஸ்ட்ல இருக்கா பாருப்பா" என்றார். கிளார்க் திரையில் மேலும் கீழும் தேடினான். கண் இருந்தது, காது இருந்தது, கை கால் இருந்தது, மனநிலை இருந்தது, ரத்த நோய்கூட மூன்று இருந்தது. "மொத்தம் இருபத்தோரு வகை சார். வேர்வை இல்லை."

"வேற எதுலயாவது கொண்டு வர முடியுதான்னு பார்ப்போம்." டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். உதவத்தான் நினைத்தார். "தம்பி, கொஞ்சம் நட. உக்காரு. எந்திரி. கையத் தூக்கு."

பிரான்சிஸ் நடந்தான். உட்கார்ந்தான், எழுந்தான். ஒவ்வொன்றையும் சுறுசுறுப்பாக, கேட்டதற்கு ஒரு படி மேலாகவே செய்தான். நடக்கச் சொன்னதற்குச் சுவர் வரை போய்த் திரும்பி வந்தான்.

"கனம் தூக்க முடியுமா?"

"தூக்குவேன் சார். அம்பது கிலோ மூட்டைய அசால்ட்டா தூக்குவேன்."

"எவ்ளோ நேரம் நிப்ப?"

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நிப்பேன் சார். ஒரு நாள் லீவு போட்டதில்ல."

சவுரியம்மாள் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவனுக்குப் புரியவில்லை. எந்த மேசைக்கு முன்னால் நின்றாலும், எந்த மேஸ்திரி கேட்டாலும், அவன் சொல்லிப் பழகிய பதில் அது ஒன்றுதான்.

"சார், அவனுக்குப் பல்லே இல்ல சார். பாருங்க. டேய், பல்லக் கழட்டுடா."

பிரான்சிஸ் தயங்கினான். வரிசையில் அடுத்து நின்ற பெண் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மறுபடியும் சொன்னதும் திரும்பிக்கொண்டு பல்செட்டைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து மேசைக்கு மேலாக நீட்டினான். மடங்கிய உதடுகளோடு அவன் முகம் சட்டென்று கிழவன் முகமாகிவிட்டது. கிளார்க் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"போட்டுக்கப்பா, போட்டுக்க" என்றார் டாக்டர். "பல்லு இல்லாதது இதுல வராதும்மா. தண்ணி ஊத்துனா உடம்பு சரியாயிடுதா?"

"ஆயிடும் சார்" என்றான் பிரான்சிஸ், பல்லை மாட்டிக்கொண்டு.

"அப்ப எப்பவும் ஒரு பாட்டில் தண்ணி கூட வெச்சுக்க. வெயில்ல போகாத. நான் நம்பலைன்னு நினைக்காதீங்கம்மா. என் கையில என்ன இருக்கு? கம்ப்யூட்டர்ல தலைப்பு இல்லாம நான் என்னத்தைப் போட?"

"வெயில்ல போகாம எங்கங்க சார் போவான்?"

டாக்டர் கிளார்க் பக்கம் திரும்பித் தலையசைத்தார். கிளார்க் ஒரு தாளை அச்சடித்து எடுத்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி நீட்டினான். கை, கால், கண், காது அனைத்தும் இயல்பாக இயங்குகின்றன, ஊனம் 0 சதவீதம் என்று அதில் இருந்தது.

பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது. சவுரியம்மாள் அடக்க முடியாமல் வெடித்தாள்.

"அம்பது கிலோ மூட்டைய யாருடா உன்னைத் தூக்கச் சொன்னது?"

"கேட்டாரு. சொன்னேன்."

"முடியாதுன்னு சொல்றதுக்கு இன்னா? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

பிரான்சிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே பார்த்தபடியே சொன்னான்: "எந்த எடத்துலயும் முடியாதுன்னு சொல்லாத, சொன்னா வேலை குடுக்க மாட்டாங்கன்னு நீதானம்மா சொல்லிக் குடுத்த."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மடியில் வைத்திருந்த பாட்டிலைத் திறந்து அவன் பிடரியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். முன் சீட்டுக்காரர், "யம்மா, மேல தெறிக்குது" என்றார்.

*

காந்திமதி அந்தத் தாளை வாங்கி வரிவரியாகப் படித்தாள். சவுரியம்மாள், "அட்டை கெடைக்கலம்மா, எதுனா பாத்துப் பண்ணு" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் காந்திமதியின் முகம் மலர்ந்துவிட்டது.

"இது போதுமே! எல்லாம் நல்லா கீது, ஊனம் ஒண்ணுமே இல்லன்னு முத்திரை போட்டுக் குடுத்துக்கீறாங்க. ஒண்ணு அட்டை கொண்டா, இல்ல ஒடம்பு நல்லா கீதுன்னு பேப்பர் கொண்டான்னு சொன்னேன் இல்ல? இனிமே எனக்குப் பயமில்ல. நாளையில இருந்து வரச் சொல்லு."

"அந்தத் தண்ணி குடுக்கற வேலை…"

"அது அட்டை இருக்கறவங்களுக்குத்தான், சவுரியம்மா. மேல கேள்வி கேப்பாங்க. பக்கத்து ஊரு பாண்டுரங்கன போட்டாச்சி, பஸ்ஸுல கால் போச்சே, அவரை."

தாளை ஜெராக்ஸ் எடுத்துத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டு, அசலைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். பட்டியலில் பிரான்சிஸின் பெயர் மறுபடியும் ஏறியது. சவுரியம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மகன் வீட்டில் உட்கார்ந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அரிசி வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஜூன் பிறந்தும் வெயில் குறையவில்லை. அந்த இடைவெளியில் சுப்பராயலு மானியத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டு வாய்க்காலை மூடியிருந்தார். கரும்பின் காலடியில் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரில் ஒரு துண்டைக்கூட நனைக்க முடியாது. சவுரியம்மாள் சைக்கிள் கேரியரில் பத்து லிட்டர் கேன் இரண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். பதினொன்றரைக்கு இரண்டாவது கேனும் காலியானது. டிரம்மில் இருந்தது குடிக்க மட்டும். போன தடவை இவனுக்குக் கவிழ்த்ததில் நூறு பேர் தாகத்தோடு வீட்டுக்குப் போனார்கள் என்பதை யாரும் மறக்கவில்லை. மரத்தடியிலிருந்த பாண்டுரங்கன் யாரும் பார்க்காத நேரம் ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தார். பிரான்சிஸ் அதைக் குடிக்காமல் மார்பில் ஊற்றிக்கொண்டான். அவன் கரையிலிருந்து இறங்குவதற்குள் சட்டை காய்ந்துவிட்டது.

"போட்டோ! போட்டோ! எல்லாரும் ஜல்தியா வரிசையா நில்லுங்க, யாரும் நகராதீங்க" என்று காந்திமதி குரல் கொடுத்தாள். சிக்னல் கிடைக்க வேண்டும் என்பதற்காக வெட்டிய பள்ளத்துக்கு மேலே ஏற்றி வெட்டவெளியில்தான் நிற்க வைப்பாள். எல்லோரும் நின்றார்கள். போன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. படம் ஏறவில்லை. இன்னொரு முறை எடுத்தாள். அதுவும் ஏறவில்லை.

சவுரியம்மாள் மகன் பக்கத்தில் நின்றாள். மற்றவர்களின் முகமெல்லாம் எண்ணெய் தேய்த்தது போலப் பளபளத்தது. அவன் முகம் மட்டும் உலர்ந்து, சிவந்து, கண்கள் செருகத் தொடங்கியிருந்தன. கையைத் தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போலச் சுட்டது.

"யம்மா, தல சுத்துது."

"நில்லுடா. தோ, முடிஞ்சிடும்."

வேலைக்கு வரும் மற்றப் பெண்களைப் போல அவளும் புடவைக்கு மேல் ஒரு பழைய முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். காலையிலிருந்து மண் சுமந்ததில் அது முதுகிலும் அக்குளிலும் ஊறிக் கனத்திருந்தது. அவள் பொத்தான்களை அவிழ்த்தாள். "இன்னாடி பண்ற?" என்று வேணி கேட்டதைக் காதில் வாங்காமல் சட்டையைக் கழற்றி, மகனுடைய காய்ந்த சட்டையை உருவிப் போட்டுவிட்டு, தன்னுடையதை அவனுக்கு மாட்டினாள். ஈரமான முதுகுப்பக்கம் அவன் முதுகில் பட்டதும் அவன் ஒரு முறை சிலிர்த்தான். காற்று கொஞ்சம் வீசியது. அவன் கண்ணைத் திறந்தான்.

"நேரா பாருங்க" என்றாள் காந்திமதி. மூன்றாவது முறை படம் ஏறிவிட்டது. போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"பாருங்க, எல்லாரும் பிரான்சிஸப் பாருங்க. சட்டையப் பிழிஞ்சா ஒரு கொடம் வரும் போல கீது. வேலன்னா இப்படி வேர்க்க வேர்க்கச் செய்யணும். சரி, போங்க போங்க, இன்னும் ஒரு மணி நேரம் கீது."

ஆட்கள் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். பிரான்சிஸ் மண்வெட்டியை எடுத்தான். சவுரியம்மாள் வெறும் புடவையோடு, தோள் மேல் வெயில் விழ, சட்டியைத் தலையில் ஏற்றினாள். இனி மகனுக்கு மாற்றிக் கொடுக்க அவளிடம் வேறு சட்டை இல்லை. அவள் உடம்பில் வேர்வை வழிந்துகொண்டே இருந்தது.